காலியாக இருந்த கட்டம்

அரசு உதவிபெறும் பள்ளிகளில் பிப்ரவரி மாதச் சம்பளம் என்றால் ஆசிரியர்கள் முகம் சுருங்கும். ஆண்டு முழுக்கச் சேர்ந்து நின்ற வருமான வரியை அந்த ஒரு மாதத்தில்தான் மொத்தமாகப் பிடிப்பார்கள். சிலருக்குக் கைக்கு வருவது பேருந்துக் கட்டணத்துக்குக்கூடக் காணாது. 2013-ல் ஒரு பள்ளியின் நூற்றாண்டு மலருக்காகப் பழைய புகைப்படங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, அலுவலகப் பரணில் அப்படி ஒரு பிப்ரவரிப் பட்டியல் கையில் சிக்கியது. பதினேழு பெயர்கள். வருமான வரி என்ற கட்டத்தில் பதினைந்து பேருக்கு எண்கள் இருந்தன. இரண்டு பேருக்கு மட்டும் சிறு கோடு. அந்த இரண்டு பெயர்களுக்கும் முன்னால் 'அருட்சகோதரி' என்று இருந்தது.

எழுத்தரிடம் கேட்டேன்.

"சிஸ்டருங்களுக்கு வரி கிடையாது சார். ஜி.ஓ. இருக்கு."

"எந்த ஜி.ஓ.?"

"அதெல்லாம் கருவூலத்துல இருக்கும்."

கருவூலத்தில் இருந்த நண்பரைக் கேட்டால், "வருமான வரி ஆபீஸ்ல இருக்கும்" என்றார். இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். பார்த்தேன் என்று சொல்ல ஆள் இல்லை. புகைப்படங்கள் கிடைத்துவிட்டன, மலரும் வந்துவிட்டது. கேள்வியை ஒரு நோட்டில் எழுதி மூடிவைத்தேன்.

அந்த நோட்டை மறுபடி எடுக்கவைத்தது 2024 நவம்பர் 7ஆம் தேதிச் செய்தி. அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரிகளில் பணியாற்றும் கன்னியர், குருக்கள் சம்பளத்தில் வரி பிடிக்கலாமா என்ற வழக்கில் தொடுக்கப்பட்ட 93 மேல்முறையீடுகளையும் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதிகள் பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா அமர்வு. தலைமை நீதிபதி ஓய்வுபெறும் முன் அவருக்கு மிச்சமிருந்தது இன்னும் ஒரே ஒரு வேலைநாள். செய்தியில் பத்தோடு பதினொன்றாக ஒரு வரி: 1944 முதல் இருந்துவரும் விலக்கு.

1944. எழுத்தர் சொன்ன 'ஜி.ஓ.'வுக்கு முதல்முறையாக ஒரு வயது கிடைத்தது. முடிவிலிருந்து பின்னோக்கி நடந்தால் அந்தத் தாளுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

நேராகப் போயிருக்கலாம். போகவில்லை. விலக்கு என்றால் சட்டத்தில்தானே இருக்க வேண்டும் என்ற நம்பிக்கையில் அப்போது நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10ஆம் பிரிவில் விழுந்தேன். எதற்கெல்லாம் வரி கிடையாது என்று அடுக்கும் பிரிவு அது. விவசாய வருமானத்தில் தொடங்குகிறது. பழைய சமஸ்தானத்து மன்னர் குடியிருக்கும் ஏதேனும் ஓர் அரண்மனைக்கு விலக்கு உண்டு. சிக்கிம்காரர்களுக்கு உண்டு. வடகிழக்கின் பழங்குடியினருக்கு உண்டு. கன்னியருக்கு இல்லை. 11ஆம் பிரிவுக்குப் போனால் அது அறக்கட்டளைகளுக்கும் சமய நிறுவனங்களுக்கும் உரியது. வருமானத்தில் 85 விழுக்காட்டை நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும், பதிவு செய்திருக்க வேண்டும், தணிக்கை செய்திருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் போடுகிறது. மடத்துக்குப் பொருந்தும். மடத்தில் இருக்கும் ஆசிரியைக்குப் பொருந்தாது.

இரண்டு வாரம் இப்படிப் போன பிறகு, திருச்சியில் ஓய்வில் இருக்கும் ஓர் ஆடிட்டரிடம் போய் உட்கார்ந்தேன். அவருடைய கூடத்தில் சுவர் தெரியாத அளவுக்கு 'இன்கம் டாக்ஸ் ரிப்போர்ட்ஸ்' தொகுதிகள். பேச ஆரம்பித்த ஐந்தாவது நிமிடத்தில் சிரித்துவிட்டார்.

"சார், நீங்க சட்டத்துல தேடுறீங்க. அது சட்டத்துல இல்ல. லெட்டர்ல இருக்கு."

அவர் சொன்னபடி சென்னை உயர் நீதிமன்றத்தின் 2019 மார்ச் 20 தீர்ப்பை எடுத்து வைத்துக்கொண்டேன். நீதிபதிகள் வினீத் கோத்தாரி, சி.வி. கார்த்திகேயன் அமர்வு வழங்கியது. துறவற சபைகளுக்குச் சாதகமாகத் தனி நீதிபதி தந்திருந்த தீர்ப்பை அரசின் மேல்முறையீட்டில் இந்த அமர்வு மாற்றியது. வழக்கு எப்படித் தொடங்கியது என்பதும் அதில் தெரிகிறது. 2015-ஐ ஒட்டி வருமான வரித்துறை தமிழ்நாட்டில் சம்பளம் வழங்கும் அலுவலர்களுக்கு எழுதியது: இவர்களுக்கும் பிடித்தம் செய்யுங்கள். அதுவரை அந்தக் கட்டம் காலியாகத்தான் இருந்தது. சபைகள் நீதிமன்றம் போயின. கையில் எடுத்துக்கொண்டு போனவை முக்கியமாக இரண்டு தாள்கள். ஒன்று, 1944ஆம் ஆண்டின் முதல் சுற்றறிக்கை. இன்னொன்று, அதை நினைவூட்டி 1977-ல் மத்திய நேரடி வரிகள் வாரியம் அனுப்பிய அறிவுறுத்தல்.

1944 தாளை அனுப்பியது அந்த வாரியம் அல்ல, அதன் தகப்பன். அப்போது மறைமுக வரி, நேரடி வரி எல்லாவற்றுக்கும் சேர்த்து 'சென்ட்ரல் போர்டு ஆஃப் ரெவின்யூ' என்ற ஒரே வாரியம்தான் இருந்தது. அதை இரண்டாகப் பிரித்தது 1964-ல். அதாவது, சுற்றறிக்கை பிறந்தபோது இன்றைய வாரியமும் இல்லை, 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும் இல்லை. நடப்பில் இருந்தது 1922ஆம் ஆண்டுச் சட்டம். வெள்ளைக்காரன் ஆட்சி, உலகப் போரின் நடுவே, ஒரு வரிக் கேள்விக்குச் சொன்ன நிர்வாகப் பதில் அது. சட்டம் மாறியது, வாரியம் மாறியது, நாடே மாறியது. பதில் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

தாள் என்ன சொல்கிறது? மிஷனரிகள் பெறும் கட்டணம் அவர்கள் சார்ந்த சபையிடம் ஒப்படைக்கப்பட வேண்டியது. ஆகவே அது மிஷனரியின் கையில் வரிக்குரிய வருமானம் ஆகாது. அவ்வளவுதான். 1977 அறிவுறுத்தல் அதற்குக் காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது: அந்தக் கட்டணத்தின்மேல் சபைக்கு 'மேலோங்கிய உரிமை' இருக்கிறதாம்.

இந்த இடத்தில் இரண்டு சொற்கள் என்னை நிறுத்திவிட்டன. ஒன்று கட்டணம், மற்றது மேலோங்கிய உரிமை. இரண்டாவதை முதலில் துரத்தினேன். அதற்கு ஊர் சுற்ற வேண்டியிருக்கவில்லை. ஆடிட்டர் எழுந்துபோய் அடித்தட்டில் இருந்த முதல் தொகுதியை எடுத்து, தூசியை ஊதி, 135ஆம் பக்கத்தைப் பிரித்துவிட்டார்.

'இன்கம் டாக்ஸ் ரிப்போர்ட்ஸ்' நம் சென்னையிலிருந்து வந்துகொண்டிருக்கும் தொகுப்பு. தொடங்கிய ஆண்டு 1933. அதன் முதல் தொகுதியிலேயே இருக்கிறது வங்காளத்து ராஜா பிஜய் சிங் துதூரியாவின் வழக்கு. ராஜாவின் சிற்றன்னை ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டார். நீதிமன்றம் மாதாமாதம் இவ்வளவு கொடு என்று தீர்ப்பளித்ததோடு நிற்கவில்லை, அந்தத் தொகைக்கு ராஜாவின் சொத்துகளையே பொறுப்பாக்கிவிட்டது. ராஜா வரித்துறையிடம் கேட்டார்: சிற்றன்னைக்குப் போகிற பணத்துக்கு நான் எதற்கு வரி கட்ட வேண்டும்? வழக்கு லண்டனில் பிரிவி கவுன்சில் வரை போனது. அங்கே ராஜா ஜெயித்தார். அந்தப் பணம் ராஜாவின் வருமானமாக மாறுவதற்கு முன்னாலேயே வேறு வாய்க்காலில் திரும்பிவிட்டது என்றார்கள். வயலுக்கு வந்த தண்ணீரை நீ யாருக்கு வேண்டுமானாலும் இறைத்துக் கொடு, அது உன் தண்ணீர்தான். மேல்மடையிலேயே பிரிந்து போனது உன் தண்ணீர் இல்லை. வரிச் சட்டத்தில் மேலோங்கிய உரிமை என்பது அந்த மேல்மடை.

இதோடு இணைத்துப் படிக்க வேண்டியது 41ஆம் தொகுதியில் இருக்கிறது. சீதல்தாஸ் தீரத்தாஸ் வழக்கு, 1961. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் நீதிமன்ற ஆணைப்படி ஜீவனாம்சம் கொடுத்த ஒருவர், ராஜாவுக்குச் சொன்னது எனக்கும் பொருந்தாதா என்று கேட்டார். நீதிபதி ஹிதாயத்துல்லா எழுதிய தீர்ப்பு, பொருந்தாது என்றது. சொத்தின்மேல் எந்தப் பொறுப்பும் வைக்கப்படவில்லை. பணம் உன் கைக்கு வந்து, உன்னுடையதாகி, பிறகுதான் மனைவிக்குப் போகிறது. கடமைதான், மறுக்கவில்லை. ஆனால் கடமை என்பதால் மட்டும் வருமானம் உன்னுடையது அல்ல என்று ஆகிவிடாது.

சிற்றன்னையும் மனைவியும் இப்படி இரு கரையில் நிற்கிறார்கள். கன்னியரின் சம்பளம் எந்தக் கரை?

சபைகள் சிற்றன்னைக் கரை என்றன. அவர்கள் காட்டிய ஆதாரம் திருச்சபைச் சட்டம். சுற்றறிக்கை எழுதப்பட்ட காலத்தில் நடப்பில் இருந்தது 1917ஆம் ஆண்டுத் தொகுப்பு; துறவி தன் உழைப்பால் ஈட்டுவதெல்லாம் சபைக்கு உரியது என்று அதன் 580ஆம் எண் சொன்னது. இப்போது நடப்பில் இருக்கும் 1983 தொகுப்பில் அதே விதி 668ஆம் எண்ணில் இருக்கிறது. ஓய்வூதியம், உதவித்தொகை, காப்பீட்டுப் பணம் ஆகியவையும் பொதுவாகச் சபையைச் சேரும் என்று அது விரித்துச் சொல்கிறது. சொத்தை முழுவதுமாகத் துறந்தவருக்குச் சொத்து சேர்க்கும் தகுதியே போய்விடுகிறது. இதைத்தான் வழக்கில் 'சிவில் மரணம்' என்றார்கள். உயிரோடு இருக்கிறார், சொத்து விஷயத்தில் செத்தவர்.

நமக்கு இது புதிது அல்ல. தனக்குத் தானே சிராத்தம் செய்துவிட்டுக் காவி கட்டும் சந்நியாசியை இந்து சட்டமும் செத்தவராகத்தான் வைத்திருந்தது. வீட்டுச் சொத்தில் பங்கு கிடையாது. ஆனால் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் சொத்தைத் துறக்கும் ஏழ்மை வார்த்தைப்பாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. சபைகளுக்கு ஒரு பலமான துணை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சாலை விபத்தில் இறந்த ஒரு துறவிச் சகோதரருக்கான இழப்பீட்டை அவருடைய மான்ட்ஃபோர்ட் சபை கேட்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. இறந்தவரின் சட்டப்படியான பிரதிநிதி சபையே. செத்த பிறகு சபை அவருக்கு வாரிசு என்றால், இருக்கும்போது சம்பளம் மட்டும் எப்படி அவருடையதாகும்? கேள்வி நியாயமாகவே இருந்தது. தீர்ப்பைப் படிக்கத் தொடங்கும்போது நானும் பாதி அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருந்தேன்.

சென்னை உயர் நீதிமன்ற அமர்வு இதை ஏற்கவில்லை. வேலைக்கு நியமிக்கப்பட்டவர் ஆசிரியை. கருவூலம் பணம் போடுவது அவர் பெயருக்கு. வருமான வரிச் சட்டத்தின் 192ஆம் பிரிவு சம்பளம் கொடுப்பவரைப் பார்த்துப் பேசுகிறது: சம்பளம் என்ற தலைப்பில் வரிக்குரிய தொகையைக் கொடுக்கிறாயா, கொடுக்கும்போதே பிடி. வாங்குபவர் அதை என்ன செய்வார் என்று பார்ப்பது கொடுப்பவர் வேலை அல்ல. திருச்சபைச் சட்டம் உறுப்பினருக்கும் சபைக்கும் நடுவே செல்லும். வரிச் சட்டத்தின்மேல் ஏறி உட்காராது. ஆசிரியை சம்பளத்தைச் சபையிடம் கொடுப்பது சீதல்தாஸ் மனைவிக்குக் கொடுத்த மாதிரிதான்.

சரி, அந்தச் சுற்றறிக்கைகள்? அவை சம்பளத்துக்குப் பொருந்தா என்றது தீர்ப்பு. இங்கேதான் நான் தள்ளிவைத்திருந்த முதல் சொல் திரும்பி வந்தது. கட்டணம். தாளில் இருந்தது 'ஃபீஸ்'; 'சேலரி' அல்ல.

இதைப் படித்த அன்று இரவு எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஒரு மிஷன் மருத்துவர் நோயாளியிடம் வாங்குவது கட்டணம். அரசு மானியத்தில் மாதாமாதம் வருவது சம்பளம். வருமான வரிச் சட்டத்தில் இரண்டும் வெவ்வேறு தலைப்புகள், முதலாண்டு வணிகவியல் மாணவருக்கும் தெரியும். அப்படியிருக்க, கட்டணத்துக்கு என்று எழுதிய தாளை எழுபது ஆண்டுகள் சம்பளத்துக்குப் படித்திருக்கிறோம். எழுத்தர் படிக்கவில்லை, கருவூலம் படிக்கவில்லை, வரித்துறையும் 2010-கள் வரை எடுத்துப் பார்க்கவில்லை. இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்பது என் கணிப்பு. பழக்கம்தான். ஒரு பட்டியலில் கோடு போட்டார்கள், அடுத்த மாதம் அதைப் பார்த்து எழுதினார்கள். சம்பளப் பட்டியல் தயாரித்தவர்களுக்குத் தெரியும், முந்தைய மாதப் பட்டியலைவிடப் பெரிய சட்டப் புத்தகம் அந்த மேசையில் கிடையாது.

1944 என்ற ஆண்டு என்னைக் கொஞ்சம் வெளியேயும் இழுத்துக்கொண்டு போனது. அதே ஆண்டு பிப்ரவரியில், அதிபர் ரூஸ்வெல்ட்டின் தடையை மீறி அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு வரிச் சட்டத்தை நிறைவேற்றியது. வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள் ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் அங்கே அந்தச் சட்டத்தோடுதான் வந்தது. அந்தப் படிவத்தின் பெயர் 990. இன்றைக்கு யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம். தொண்டு நிறுவனத் தலைவரின் சம்பளம்கூட அதில் இருக்கும். சமய அமைப்புகளுக்கு மட்டும் அப்போதே கதவைத் திறந்துவிட்டார்கள். 1969-ல் சட்டத்தைத் திருத்தியபோதும் தேவாலயங்கள் இந்தப் படிவத்தைத் தர வேண்டியதில்லை என்பதை உறுதிசெய்தார்கள்.

ஏழ்மை வார்த்தைப்பாட்டுக் கேள்வியும் அங்கே பழசு. சம்பளத்தில் தன் பிழைப்புக்குப் போக மிச்சத்தைச் சபைக்குக் கொடுக்கும் குருவுக்கு வரி இல்லை என்று 1919-லேயே பதில் சொல்லியிருக்கிறார்கள். 1977-ல் அதைக் கூர்மையாக்கினார்கள். நம் வாரியம் பழைய தாளைத் தூசி தட்டிய அதே 1977. திருச்சபை அலுவலகத்திலேயே வேலை பார்க்கும் துறவிக்கு வரி இல்லை. வெளியே ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தில் வேலை பார்க்கும் துறவி, மொத்தத்தையும் சபைக்குக் கொடுத்தாலும் வரி உண்டு. வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஓர் இயேசு சபைக் குரு, சபை அனுப்பித்தானே போனேன் என்று வாதாடி 1986-ல் தோற்றார். யாரிடம் வேலை பார்க்கிறாய் என்பதுதான் அங்கே கேள்வி. நம் நீதிமன்றங்கள் சுற்றி வந்து சேர்ந்த இடமும் ஏறக்குறைய அதுதான். 2021-ல் கேரள உயர் நீதிமன்றமும் பிடித்தம் செய்யலாம் என்றே சொன்னது.

உச்ச நீதிமன்றத்தில் சபைகள் தரப்பில் வாதாடியவர் மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தாதார். கங்கா-பல்கிவாலா வருமான வரி உரைநூலைப் புதுப்பித்தவரே அவர்தான். மேல்மடை, கீழ்மடை விவகாரத்தை அவரைவிடத் தெளிவாகச் சொல்ல ஆள் தேட வேண்டும். அவரும் சிவில் மரணம் பற்றிச் சொன்னார், சம்பளம் கன்னியர் கையில் தங்குவதே இல்லை என்று சொன்னார். தலைமை நீதிபதியின் பதில் எளிமையாக இருந்தது. ஓர் இந்து அர்ச்சகர், சம்பளத்தை நான் வைத்துக்கொள்வதில்லை, ஓர் அமைப்புக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றாலும் வேலை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவரைக்கும் வரி பிடிக்கத்தான் வேண்டும். சட்டம் எல்லோருக்கும் ஒன்று.

சட்டமாகப் பார்த்தால் தீர்ப்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஆவணங்களை மூடிவிட்டு ஒரு மனிதரைப் பார்க்காமல் இந்த வேலை முடியாது. என் சித்தி மகள் கன்னியர். உதவிபெறும் பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணிதம் நடத்துகிறாள். தீர்ப்பு வந்த கிறிஸ்துமஸுக்குப் பார்க்கப் போயிருந்தேன்.

"உன் சம்பளம் எவ்வளவு?" என்றேன்.

"கரெக்டா தெரியாதுண்ணா. மதருக்குத் தெரியும்."

"படிவம் பதினாறு?"

"அதுவும் மதர்கிட்டதான். கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு செருப்பு வேணும்னா கேட்டு வாங்கிக்குவேன். போன மாசம் கேட்டேன். வந்துச்சு."

காலைக் காட்டினாள். கறுப்பு நிறப் பள்ளிச் செருப்பு, மாணவிகள் போடுவது போன்றதே. அவளுக்கு அது குறையாகத் தெரியவில்லை. மடத்தின் பின்கட்டில் படுக்கையில் இருக்கும் நான்கு மூத்த சிஸ்டர்களுக்கு மருந்து, டயப்பர், ராத்திரி பார்த்துக்கொள்ள ஒரு அம்மா, எல்லாம் இந்தச் சம்பளங்களிலிருந்துதான் என்றாள். அந்த மூத்தவர்களில் இரண்டு பேர் வாழ்நாள் முழுக்கச் சமையலறையிலும் விடுதியிலும் உழைத்தவர்கள். அவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது.

"வரி பிடிக்கிறது தப்புன்னு நான் சொல்லலண்ணா. எங்க கணக்கை யாராச்சும் எங்களுக்கே காட்டினா நல்லா இருக்கும்."

இத்தனை நீதிமன்றங்களிலும் எழாத கேள்வி இது. பத்தாண்டு வழக்கு முழுக்கப் பணத்தைக் கன்னியரின் கைவரைதான் பின்தொடர்ந்தது. அந்தக் கையிலிருந்து அது மடத்தின் கணக்குக்குப் போன பிறகு என்ன ஆகிறது? அங்கே போனால் வெளிச்சம் குறைகிறது.

இருட்டு என்று சொல்ல மாட்டேன். பதிவுபெற்ற சமய அறக்கட்டளை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தணிக்கை அறிக்கையும் ஆண்டுக் கணக்கும் வருமான வரித்துறைக்குப் போகின்றன. வரி அதிகாரிக்குத் தெரியும். காணிக்கை போட்டவருக்குத் தெரியாது. பெயர் சொல்லாமல் வரும் நன்கொடைக்கு 30 விழுக்காடு வரி என்று 2006-ல் ஒரு பிரிவைக் கொண்டுவந்தார்கள். முழுக்கச் சமய நோக்கம் கொண்ட அறக்கட்டளைக்கு அது பொருந்தாது. கோயில் உண்டியலில் போடுகிறவரிடமும் தேவாலயக் காணிக்கைத் தட்டில் போடுகிறவரிடமும் யார் போய்ப் பெயர் கேட்பது? வெளிநாட்டுப் பணம் பற்றிய ஆண்டுக் கணக்குகள் ஒரு காலத்தில் உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருந்தன. எந்த மறைமாவட்டத்துக்கு எந்த நாட்டிலிருந்து எவ்வளவு என்று எங்கள் ஊர் இளைஞர்களே எடுத்துப் படித்துச் சண்டை போட்டிருக்கிறார்கள். 2022 ஜூலையில் அமைச்சகம் அந்தத் தகவல்களை எடுத்துவிட்டது. இந்த வெளிச்சத்தை அணைத்தது அரசாங்கமே.

ஒப்பிட ஆசைப்படுகிறவர்கள் உடனே கோயில்களைக் கொண்டுவருவார்கள். 1959ஆம் ஆண்டு அறநிலையத் துறைச் சட்டப்படி தமிழ்நாட்டுக் கோயில்களின் கணக்கை அரசு தணிக்கை செய்கிறது, தேவாலயங்களுக்கு அப்படி இல்லை; உண்மைதான். கோயில்களைவிடப் பொருத்தமான ஒப்பீடு தேவாலயங்களுக்குள்ளேயே இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையின் சொத்துகளை வைத்திருக்கும் 'சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன்' 1947-ல் கம்பெனிச் சட்டப்படி பதிவானது. ஆகவே அது தாக்கல் செய்யும் ஆவணங்களைக் கட்டணம் கட்டினால் எவரும் பார்க்கலாம். அந்தச் சபையில் சொத்துத் தகராறுகள் மற்றவர்களைவிட அதிகமாக வெளியே தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பார்க்க முடிகிறது, அதனால் சண்டை போடுகிறார்கள்.

கத்தோலிக்க மடத்துக்கும் பங்குக்கும் அரசுச் சட்டம் அந்தக் கதவை வைக்கவில்லை. ஆனால் நான் 668ஆம் எண்ணுக்காக வாங்கிய அதே திருச்சபைச் சட்டப் புத்தகத்திலேயே கதவு இருக்கிறது. துறவற சபைகள் ஆடம்பரத்தையும் மிதமிஞ்சிய லாபத்தையும் சொத்துக் குவிப்பையும் தவிர்க்க வேண்டும் என்கிறது 634. ஒவ்வொரு பங்குக்கும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது 537. சொத்தை நிர்வகிப்பவர் வரவு செலவுப் புத்தகத்தை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும் என்கிறது 1284. அதற்கு மூன்று எண் தள்ளி 1287, அதன் இரண்டாம் பத்தி: மக்கள் திருச்சபைக்குக் கொடுத்த காணிக்கைக்கு நிர்வாகிகள் மக்களிடமே கணக்கு ஒப்புவிக்க வேண்டும். அந்தந்த இடத்தின் தனி விதிகளின்படி என்று ஒரு வாலும் இருக்கிறது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு பலர் தப்பிக்கலாம்.

சிவில் மரணத்துக்காக 668-ஐ உச்ச நீதிமன்றம் வரை தூக்கிக்கொண்டு போனவர்கள், 1287-ஐ பங்கு அலுவலகம் வரைகூடத் தூக்கிக்கொண்டு வரவில்லையே என்பதுதான் இந்தத் தேடலில் எனக்கு மிஞ்சிய வருத்தம். நான் திருச்சபைக்கு எதிரி அல்ல. ஞானஸ்நானம் பெற்றவன், வாரம் தவறாமல் காணிக்கை போடுகிறவன். கணக்கைக் காட்டியிருந்தால், அந்தப் பின்கட்டு நான்கு கட்டில்களை ஊரே பார்த்திருக்கும். வரி விலக்குக்கு அதைவிடச் சிறந்த வாதம் எந்த வழக்கறிஞரிடமும் கிடைத்திருக்காது.

வரிக் கதைக்கு ஒரு வேடிக்கையான பின்னிணைப்பு உண்டு. 2025 பட்ஜெட், புதிய வரிமுறையில் 12 லட்சம் ரூபாய் வரை வரியே இல்லை என்றாக்கியது. சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலைக்கழிவும் சேர்ந்து 12.75 லட்சம். பத்தாண்டுகள் வழக்காடிய பல சிஸ்டர்களுக்கு, 93 மேல்முறையீடுகளும் தோற்ற ஐந்தே மாதத்துக்குள் தொடங்கிய நிதியாண்டிலிருந்து, கட்ட வேண்டிய வரி பூஜ்யம். என் தங்கைக்கும் அப்படித்தான். அவளுடைய பள்ளிப் பட்டியலில் அந்தக் கட்டம் திரும்பவும் காலியாகியிருக்கும். இந்த முறை சட்டப்படி.

வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோவில் வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். திருமண ஓலைகளுக்கும் அன்பியக் கூட்ட அறிவிப்புக்கும் பக்கத்தில் சென்ற ஆண்டின் வரவு செலவு ஒட்டியிருக்கிறதா? இருந்தால் உங்கள் பங்குத்தந்தைக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சண்டை வேண்டாம். "ஃபாதர், 1287 இரண்டாம் பத்தி" என்று மட்டும் சொல்லுங்கள். அவருக்குப் புரியும், குருமடத்தில் படித்ததுதான்.